ஒன்று குறைந்ததும் பத்தொன்பது குறைந்ததும்

170141183460469231731687303715884105727

57896044618658097711785492504343953926634992332820282019728792003956564819949

இரண்டும் பகா எண்கள். முதலாவதில் 39 இலக்கங்கள், இரண்டாவதில் 77. இப்படி எழுதினால் இரண்டுக்கும் உறவு எதுவும் தெரியாது. எழுதும் முறையை மாற்றினால் முகம் தெளிகிறது. முதலாவது 2¹²⁷ − 1. இரண்டாவது 2²⁵⁵ − 19. இரண்டுமே 2இன் ஓர் அடுக்குக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. ஒன்றுக்கு ஒன்றுதான் குறை, மற்றதற்குப் பத்தொன்பது குறை.

முதலாவது பகா எண்தான் என்று 1876இல் பிரான்ஸில் எதுவார் லூக்காஸ் கைக்கணக்காகவே காட்டினார். இரண்டாவதை டேனியல் பெர்ன்ஸ்டைன் மறையாக்க வேலைக்கென்றே பொறுக்கி எடுத்து 2006இல் வெளிவந்த கட்டுரையில் முன்வைத்தார். இன்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாலும் அந்த எண்ணின் மீது கணக்குப் போட்டுத்தான் பூட்டு மாட்டப்படுகிறது. வசதிக்காக முதலாவதை மூத்தது என்றும் இரண்டாவதை இளையது என்றும் சொல்கிறேன்.

பெரிய பகா எண் என்றாலே செய்திகள் அளவைத்தான் பேசும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதன் முன் நம் இரண்டும் எந்த மூலைக்கு? அளவை வைத்து ஒப்பிட்டால் இளையது பெரிது, அதோடு பேச்சு முடிந்தது. பகா எண்ணுக்குள் புகுந்து பார்க்கவும் வழியில்லை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் அது வகுபடாது. அதன் குணம் தெரிய வேண்டுமானால் அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று குறைந்த எண்ணைக் கீழ்வீடு என்றும் ஒன்று கூடிய எண்ணை மாடிவீடு என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வீட்டிலும் என்னென்ன காரணிகள் குடியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே ஒரு பகா எண்ணை எப்படி நிரூபிப்பது, எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதெல்லாம் முடிவாகிறது.

மூத்ததன் மாடிவீடு 2¹²⁷. அங்கே 2ஐத் தவிர வேறு காரணி கிடையாது. லூக்காஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

அவருக்கு முன் கதை இப்படி. மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் ஒரு பட்டியல் போட்டார். 257 வரையுள்ள எண்களில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்ற பதினொன்றை அடுக்காக வைத்தால் மட்டுமே 2இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தது பகா எண்ணாகும் என்றார். எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. பட்டியலில் ஐந்து பிழைகள்: 67, 257 இரண்டும் இருக்கக் கூடாதவை, 61, 89, 107 மூன்றும் விட்டுப்போனவை. 127 சரிதான். ஆனால் அது சரி என்று தெரிய 232 ஆண்டுகள் ஆயின. காரணம் எளிது. சிறிய எண்களாக எடுத்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் பழைய வழியில் போனால், 1க்குப் பின் 19 சுழியம் போட்ட அளவைத் தாண்டியும் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயுள் போதாது.

லூக்காஸ் 1842இல் அமியென் நகரில் பிறந்தவர், பள்ளியில் கணிதம் கற்பித்தவர், ஹனோய் கோபுரம் என்ற புதிரை உலகுக்குக் கொடுத்தவர். அவருடைய வழியில் வகுத்தலே இல்லை. சிறிய எண் ஒன்றில் செய்து பார்த்தால் முழு வித்தையும் விளங்கிவிடும். 2⁷ − 1 = 127ஐ எடுத்துக்கொள்வோம். 3இல் தொடங்க வேண்டும். கையில் உள்ள எண்ணை அதனாலேயே பெருக்கி 2ஐக் கழிக்க வேண்டும். 127ஐத் தாண்டினால் 127ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

3இலிருந்து 7. ஏழிலிருந்து 47. நாற்பத்தேழிலிருந்து 2207. இங்கே மீதி காண 127ஆல் வகுக்கத் தேவையில்லை. 2207இல் 128 பதினேழு தடவை போகும், மிச்சம் 31. 128ஐ 127ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் ஒவ்வொரு 128உம் இங்கே 1க்குச் சமம். ஆகவே 17 + 31 = 48. அடுத்து 48 × 48 − 2 = 2302; அதில் பதினேழு 128, மிச்சம் 126; கூட்டினால் 143; மறுபடி ஒரு 128ஐ எடுத்து 1 ஆக்கினால் 16. அடுத்து 16 × 16 − 2 = 254. அது 127இன் இரு மடங்கு, மீதி சுழியம். ஐந்தே தடவை. சுழியம் வந்துவிட்டதால் 127 பகா எண். வராவிட்டால் பகு எண். அடுக்கை 4ஆல் வகுத்து மீதி 3 வருகிற எண்களுக்கெல்லாம் 3இல் தொடங்கும் இந்தச் சோதனை பொருந்தும், 127உம் அப்படிப்பட்டதே. பின்னாளில் டெரிக் லேமர் தொடக்க எண்ணை 4 ஆக்கி எல்லா ஒற்றை அடுக்குகளுக்கும் இதை விரித்தார்.

3, 7, 47, 2207 என்ற வரிசை எங்கிருந்து வந்தது? 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் வரிசையில் 2ஆவது, 4ஆவது, 8ஆவது, 16ஆவது உறுப்புகள் அவை. ஒவ்வொரு தடவையும் இடம் இரட்டிக்கிறது. மூத்ததில் இப்படி 125 தடவை இரட்டித்தால் 2¹²⁶ஆவது இடத்துக்குப் போய்ச் சேரலாம். அது மாடிவீட்டின் சரி பாதி. மூத்தது பகா எண்ணாக இருந்தால் அந்த இடத்தில் மீதி சுழியமாகத்தான் இருக்க வேண்டும். மாடியில் 3ஓ 5ஓ ஒரு காரணியாகக் குடியிருந்தால் வெறும் இரட்டித்தலால் அந்தப் பாதியைத் தொட முடியாது.

125 வர்க்கங்கள், ஒவ்வொன்றும் 39 இலக்க எண்ணை அதனாலேயே பெருக்குவது. இதற்கு லூக்காஸ் ஒரு சதுரங்கப் பலகையை யோசித்து வைத்திருந்தார். 127 கட்டம் நீளம், 127 கட்டம் அகலம். எண்ணை இரும முறையில் எழுதி, 1 வரும் கட்டத்தில் ஒரு சிப்பாய், 0 வரும் கட்டம் காலி. 2ஆல் பெருக்குவதென்றால் வரிசை முழுவதையும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளுவது. இடது விளிம்பில் வெளியேறும் சிப்பாய் 2¹²⁷ என்ற மதிப்போடு போகிறது. அதன் மீதி 1. எனவே அதே சிப்பாய் வலது ஓரக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெருக்கல் முழுவதும் வரிசைகளைச் சுழற்றி அடுக்குவதாகவும், ஒரு நெடுவரிசையில் இரண்டு சிப்பாய்கள் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த நெடுவரிசையில் ஒன்றை வைப்பதாகவும் சுருங்கிவிடுகிறது. மின்சாரக் கணினிக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிட், இடப்பெயர்ச்சி, சுழற்சி எல்லாம் மரக்கட்டையில் இருந்தன என்பதை நினைத்தால் லூக்காஸ் மீது எனக்கு ஒரு தனி மரியாதை வருகிறது.

அதே சோதனையில் 67 என்ற அடுக்கு தோற்றது. காரணி ஒன்றுகூடத் தெரியாமலே அது பகு எண் என்று லூக்காஸால் சொல்ல முடிந்தது. 1903இல் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று காரணிகளைக் கண்டார். மூத்ததை 1914இல் ஃபோக்கம்பெர்க் இரும முறையில் மறுபடி கணக்கிட்டு உறுதி செய்தார்.

உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் என்ற இடத்தில் மூத்தது 75 ஆண்டுகள் இருந்தது. அதற்கு முந்தைய சாதனை அதில் பாதி இலக்கங்களைக்கூடத் தொடவில்லை. அங்கிருந்து ஒரே தாவலில் 39. 1951இல்தான் அந்த இடம் பறிபோனது. ஃபெரியே மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு 44 இலக்க எண் ஒன்றைப் பிடித்தார். அதே ஆண்டு மில்லரும் வீலரும் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் 79 இலக்கத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கண்ட எண்ணைக் கவனியுங்கள்: மூத்ததை அதனாலேயே பெருக்கி, 180ஆல் பெருக்கி, 1 கூட்டியது. அதன் கீழ்வீட்டில் 180உம் இரண்டு தடவை மூத்ததும் குடியிருக்கின்றன. காரணிகள் முழுக்கத் தெரிந்த கீழ்வீடு கிடைத்தால் பகா எண்ணை நிரூபிப்பது எளிது. அதற்காகத் தெரிந்த பகா எண்ணையே அஸ்திவாரமாகப் போட்டார்கள்.

இளையதன் கதை இந்த வரிசையின் ஓர் ஓட்டையில் தொடங்குகிறது. மெர்சென் வகைப் பகா எண்களின் அடுக்குகள் 89, 107, 127 என்று வந்து, அடுத்ததாக 521க்குத் தாவிவிடுகின்றன. நடுவே ஒன்றுமில்லை. 521ஐ 1952 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் கணினி கண்டுபிடித்தது. எலிப்டிக் வளைகோடுகளை வைத்து மறையாக்கம் செய்பவர்களுக்கு வேண்டியதோ 256 பிட்டை ஒட்டிய ஒரு பகா எண். 127 பிட் என்றால் உடைப்பதற்கு ஏறத்தாழ 2⁶³ படிகள் போதும். பணமும் கணினியும் உள்ளவர்களுக்கு அது எட்டாத தூரமில்லை. 521 பிட் என்றால் தேவைக்கு மேல் பாதுகாப்பு, ஆனால் கணக்கு இழுத்தடிக்கும்.

மெர்செனின் பட்டியலில் 257 சரியாக இருந்திருந்தால்? கேட்க ஆசையான கேள்வி. அந்த எண்ணோடு லேமர் மேசைக் கணக்குப் பொறியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் மல்லுக்கட்டி அது பகு எண் என்று கண்டார். பின்னர் ஸ்வாக் அதையே ஒரு நிமிடத்துக்குள் முடித்தது. ஆனால் 2²⁵⁷ − 1 பகா எண்ணாகவே இருந்திருந்தாலும் பெர்ன்ஸ்டைனுக்கு உதவியிருக்காது. 257 பிட் 32 பைட்டில் அடங்காது. ஒரு பிட் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆக, சுத்தமாக ஒன்று குறைந்த எண் கிடைக்காத இடத்தில், எவ்வளவு குறைந்தால் பகா எண் வரும் என்று பார்க்க வேண்டியதுதான். 2²⁵⁵இலிருந்து ஒற்றை எண்களைக் கழித்துக்கொண்டு இறங்கலாம். 1ஐக் கழித்தால் 7ஆல் வகுபடும். 3ஐக் கழித்தால் 5ஆல். 5ஐக் கழித்தால் 3ஆல். 9ஐக் கழித்தால் 17ஆல். 11, 17 இரண்டும் 3இடம் மாட்டும், 13 ஐந்திடம், 15 ஏழிடம். இவற்றைக் காகிதத்தில் யாரும் சரிபார்க்கலாம். நடுவே 7ஐக் கழித்தது மட்டும் சிறிய காரணிகளுக்குச் சிக்காமல் நழுவும். ஆனால் அதுவும் பகு எண்தான். 19இல் வந்து நின்றால் பகா எண்.

இது அதிர்ஷ்டம்தான். அந்த உயரத்தில் சராசரியாக 177 எண்களுக்கு ஒன்று பகா எண். 2²⁵⁶இலிருந்து இறங்கினால் 189 தள்ளித்தான் முதல் பகா எண் கிடைக்கும். 2¹²⁸இலிருந்து இறங்கினால் 159 தள்ளி. பெர்ன்ஸ்டைன் தன் கட்டுரையில் வேறு சிலவற்றையும் பரிசீலித்தார்: 2²⁵⁵ + 95, 2²⁵⁵ − 31, 2²⁵⁴ + 79, 2²⁵³ + 51, 2²⁵³ + 39. அவற்றை விட்டு இதை எடுத்ததற்கு அவர் சொன்ன காரணம், 31, 39, 51, 79, 95 எல்லாவற்றையும் விட 19 சிறியது என்பதுதான். மறையாக்க உலகில் இப்படிப்பட்ட வெளிப்படையான காரணத்துக்கு மதிப்பு அதிகம். 2013இல் அமெரிக்க உளவு அமைப்பைப் பற்றி ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பின், அரசு நிறுவனங்கள் விளக்கம் சொல்லாமல் கொடுத்த எண்களைப் பலரும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். பத்தொன்பதுக்குள் எதையும் ஒளித்து வைக்க இடமில்லை.

19 சிறியதாக இருப்பதால் என்ன லாபம் என்பதற்கு லூக்காஸின் பலகைக்கே திரும்பலாம். இப்போது பலகையின் அகலம் 255 கட்டம். இடது விளிம்பில் வெளியேறும் சிப்பாயின் மதிப்பு 2²⁵⁵. இளையதால் வகுத்தால் மீதி 19. இருமத்தில் 19 என்பது 10011. ஆகவே ஒரு சிப்பாய் வெளியே போனால் மூன்று சிப்பாய்கள் உள்ளே வரும்: வலது ஓரத்தில் ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, ஐந்தாவது கட்டத்தில் ஒன்று. மூத்ததில் வெறும் கூட்டலாக இருந்தது இங்கே 19ஆல் பெருக்கிக் கூட்டுவதாகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், அவ்வளவுதான் அபராதம். 255 என்ற எண் 5 × 51 ஆக இருப்பது கூடுதல் வசதி. 64 பிட் கணினியில் எண்ணை 51 பிட் துண்டுகள் ஐந்தாக வெட்டி வைத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் மேலே 13 பிட் காலியாக இருக்கும். பெருக்கும்போது வழிந்து வருவதை உடனுக்குடன் அள்ள வேண்டிய அவசரம் இல்லை.

வேகத்தில் இப்படி ஏறத்தாழ ஒட்டி வரும் இரண்டும், நிரூபணம் என்று வந்தால் எதிர்த் திசையில் போகின்றன. மூத்ததை மாடிவீட்டை வைத்து ஒரே மூச்சில் நிரூபிக்கலாம். இளையதற்குக் கீழ்வீட்டில் இறங்க வேண்டும். அங்கே குடியிருப்பவை: 2 × 2 × 3 × 65147, இவற்றோடு 71 இலக்கமுள்ள ஒரு பகா எண். அந்த 71 இலக்க எண் பகா எண்தான் என்று யார் சொன்னது? அதன் கீழ்வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே 2, 3, 353, 57467, 132049, 1923133, 31757755568855353 ஆகியவற்றோடு 35 இலக்கத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே இறங்கினால்தான் எல்லாமே கையடக்கமான எண்களாக வந்து நிற்கும். வான் பிராட் 1975இல் இந்த வகைச் சான்றிதழை முறைப்படுத்தினார். பெர்ன்ஸ்டைனின் கட்டுரையில் இளையதற்கு இப்படித்தான் சான்று தரப்பட்டிருக்கிறது. கணினிக்கு இது கண் இமைக்கும் வேலை. லூக்காஸின் காலத்தில் 71 இலக்க எண்ணின் காரணிகளைப் பிரிப்பது நடக்காத காரியம். அவர் மேசையில் இளையது வந்திருந்தால் அதை அவரால் நிரூபித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இளையதன் மாடிவீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் ஒரு வேடிக்கை. 2²⁵⁵ − 19 உடன் 1 கூட்டினால் 2²⁵⁵ − 18. அதில் 2ஐ வெளியே எடுத்தால் உள்ளே 2²⁵⁴ − 9. இது ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்தது. பத்தாம் வகுப்புச் சூத்திரப்படி (2¹²⁷ − 3) × (2¹²⁷ + 3) என்று பிரியும். 2¹²⁷ − 3 என்பது மூத்ததில் 2 குறைந்தது. 2¹²⁷ + 3 என்பது மூத்ததில் 4 கூடியது. அதாவது:

இளையது + 1 = 2 × (மூத்தது − 2) × (மூத்தது + 4)

கடைசி மூன்று இலக்கங்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மூத்தது 727இல் முடிகிறது. 725 × 731 × 2 = 10,59,950. இளையது 949இல் முடிகிறது. 1 கூட்டினால் 950. பொருந்துகிறது. 255 = 2 × 127 + 1, 19 = 2 × 9 + 1 என்ற இரண்டு தற்செயல்கள் ஒன்றாகச் சேர்ந்ததால் வந்த உறவு இது. நிரூபணத்துக்கோ மறையாக்கத்துக்கோ இதனால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. இருந்தாலும், 130 ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு காரணங்களுக்காகக் கண்டெடுத்த எண்களில் ஒன்றின் மாடியில் மற்றதன் அண்டை அயலார் குடியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

உறவு அங்கே, குணம் வேறு. 8ஆல் வகுத்தால் மூத்ததன் மீதி 7, இளையதன் மீதி 5. இந்தச் சின்ன வேறுபாட்டிலிருந்து எத்தனையோ கிளைக்கின்றன. இளையதை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம், ஃபெர்மா சொன்ன விதிப்படி. மூத்ததை எழுத முடியாது. மூத்ததன் கணக்கு உலகில் 2க்கு வர்க்கமூலம் உண்டு: 2⁶⁴. அதை அதனாலேயே பெருக்கினால் 2¹²⁸, அதாவது 2 × 2¹²⁷. பின்னதன் மீதி 1 என்பதால் விடை 2. இளையதன் உலகில் 2க்கு வர்க்கமூலமே கிடையாது. −1க்கு நேர்மாறு: இளையதில் வர்க்கமூலம் உண்டு, மூத்ததில் இல்லை. மூத்ததில் ஓர் எண்ணின் வர்க்கமூலம் வேண்டுமென்றால் அதைத் தொடர்ந்து 125 தடவை வர்க்கித்தால் போதும், மூலம் இருக்குமானால் கையில் வந்துவிடும். லூக்காஸ் போட்ட அதே 125. இளையதில் அடுக்கு 2²⁵² − 2 வரை உயர்த்திய பிறகும் வந்தது சரியா என்று பார்த்து, தவறானால் −1இன் வர்க்கமூலத்தால் ஒரு தடவை பெருக்கித் திருத்த வேண்டும். அங்கே −1க்கு மூலம் இருப்பது இந்தத் திருத்தத்துக்குத்தான் கைகொடுக்கிறது.

கீழ்வீட்டு விவகாரத்துக்கு வருவோம். மூத்ததன் கீழ்வீட்டில் 2, 3, 7, 19, 43, 73, 127, 337, 5419, 92737, 649657 என்று சில்லறைக் காரணிகளின் கூட்டம். எல்லாவற்றிலும் பெரியது 77158673929, பதினொரே இலக்கம். ஓர் எண்ணை எத்தனை தடவை அதனாலேயே பெருக்கியிருக்கிறார்கள் என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் பழைய வகை மறையாக்கத்துக்கு மூத்ததைப் பயன்படுத்தினால் கதை கந்தலாகிவிடும். 1978இல் போலிக்கும் ஹெல்மனும் காட்டிய வழியில் ரகசியத்தைக் காரணிவாரியாகத் துண்டு போட்டுத் தேடலாம். மிகப் பெரிய துண்டுக்கே சில லட்சம் படிகள்தான். இளையதன் கீழ்வீட்டில் 71 இலக்கக் காரணி இருப்பதால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆனால் இளையதை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை. அதன் மேல் ஒரு வளைகோடு வரைந்து, அந்தக் கோட்டின் மேலுள்ள புள்ளிகளில் கணக்குப் போடுகிறார்கள். அங்கே முக்கியமானது புள்ளிகளின் எண்ணிக்கை. பெர்ன்ஸ்டைன் தேர்ந்த வளைகோட்டில் அது, 2²⁵²ஐச் சற்றே தாண்டிய ஒரு பகா எண்ணின் எட்டு மடங்கு. இந்த எண்ணிக்கை சரியாக அமைவதற்காகத்தான் வளைகோட்டில் 486662 என்ற குணகம். தொடக்கப் புள்ளியின் இடம் 9. இதுவும் ஒளிவுமறைவில்லாத எண்.

மூத்ததற்கு வேலையே கிடைக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 2015இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கிரெய்க் காஸ்டெல்லோவும் பேட்ரிக் லோங்காவும் ஃபோர்க்யூ என்ற வளைகோட்டை மூத்ததன் மீது கட்டினார்கள். 127 பிட் போதாதே? −1க்கு மூத்ததில் வர்க்கமூலம் இல்லை என்ற குறையையே அவர்கள் வசதியாக்கிக்கொண்டார்கள். இல்லாத மூலத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் சிக்கலெண் போல இரட்டை எண்கள் கிடைக்கும். இரண்டு 127 சேர்ந்து 254 பிட். இளையதில் இப்படி −1ஐ வைத்துச் செய்ய வழியில்லை, அங்கே மூலம் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. ஃபோர்க்யூ வேகமானது, இளையதன் வளைகோட்டைவிட இரண்டு மூன்று மடங்கு என்று அதைச் செய்தவர்கள் அளந்து காட்டினார்கள். ஆனால் அதற்குள் இளையது ஓபன்எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு மென்பொருளிலும் சிக்னல் என்ற செய்திச் செயலியிலும் புகுந்து உட்கார்ந்துவிட்டது. 2016இல் அதற்கென்று தனித் தரக்குறிப்பே வந்துவிட்டது. இந்தத் துறையில் முதலில் வந்து ஒழுங்காக வேலை செய்வதை எளிதில் அசைக்க முடியாது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இளையதன் உத்தியோகமும் நிரந்தரமில்லை. குவாண்டம் கணினி பெரிதாக வந்துவிட்டால் எலிப்டிக் வளைகோட்டின் ரகசியம் நிற்காது. 1994இல் பீட்டர் ஷோர் கொடுத்த வழி அதை உடைத்துவிடும். அதற்கு முன்னேற்பாடாக 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வேறு வகை மறையாக்க முறை ஒன்றை வெளியிட்டது. உலவிகள் இப்போதைக்கு இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. ஒன்று உடைந்தாலும் மற்றது காக்கட்டும் என்று. புதிய முறையிலும் ஒரு பகா எண் இருக்கிறது. அது 3329. நான்கே இலக்கம், பள்ளிப் பிள்ளைகூட வகுத்துப் பார்த்துப் பகா எண் என்று சொல்லிவிடலாம். அதை ஏன் எடுத்தார்கள் என்றால், அதன் கீழ்வீடு 3328, அதாவது 13 × 256. 256ஆல் வகுபடும் கீழ்வீடு இருந்தால்தான் அந்த முறையின் பெருக்கல்களை விரைவாகச் செய்யும் உருமாற்றம் நடக்கும்.